கொறங்காட்டை மீட்பது: உழுது விதைக்கலாமா, படலைச் சாத்திவிட்டுக் காத்திருக்கலாமா?

மூலனூர்ப்பேரன் | ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு இருக்கு, அதாவது உழாம, வேலி அடைச்சு, புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு ஆடு மாடு மேய்க்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம். தாத்தா இருந்தவரைக்கும் அதை மூணு காடாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கிளுவைச் செடியால உயிர்வேலி, வாசலை அடைக்க ஒரு படல், மூலையில ஒரு தண்ணித்தொட்டின்னு வச்சிருந்தார். ரெண்டு காங்கேயம் மாடு, இருபது இருபத்தஞ்சு செம்மறி. அப்பா திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிட்டாங்க. தாத்தாவும் போனப்புறம் 15 வருஷமா காடு திறந்தே கிடக்கு. யார் ஆடு வேணும்னாலும் வரும், போகும். கிளுவை பாதிக்கு மேல பட்டுப்போச்சு. தெக்கால காட்டுல சீமைக்கருவேல் தலைக்கு மேல நிக்குது. நடுக்காட்டுல பார்த்தீனியம். வடக்கால காட்டுல மட்டும் பதினெட்டு வெள்வேல மரம் தப்பிச்சிருக்கு. அந்த நிழலுக்கு ஓரமா கொழுக்கட்டைப்புல் தூரு அங்கங்க தெரியுது.

போன மாசம் சூரிய மின்சாரத்துக்கு நிலம் தேடி ரெண்டு பேர் வந்தாங்க. "இந்தத் தரிசை 25 வருஷக் குத்தகைக்குக் குடுங்க"ன்னு கேட்டாங்க. தாத்தா அதை ஒரு நாளும் தரிசுன்னு சொன்னதில்லைங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அப்பாகிட்டப் பேசி, திருப்பிக் கொண்டுவரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

ஜேசிபி விட்டு மொத்தமாச் சுத்தம் பண்ணி, உழுது, புல் விதைச்சிரலாமா? இல்ல வேலியை மட்டும் அடைச்சா தானா வருமா? கம்பி வேலி போடச் சொல்றாங்க, கிளுவையே நடலாமான்னும் யோசனை. வாரத்துல ரெண்டு நாள்தான் நான் ஊருக்கு வர முடியும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பட்டிக்காரர் | ஜூன் 9

தம்பி, முதல்ல ஜேசிபியை வரச் சொல்லாதீங்க.

நான் தென்னிலைப் பக்கம். 62 வயசாச்சு, இன்னும் பதினோரு ஏக்கர் கொறங்காடு வச்சிருக்கேன். உங்க மூணு காடும் மூணு விதமா இருக்கு, மூணுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. வடக்கால காட்டுல தூரு இருக்குன்னா அங்க விதையும் மண்ணுல இருக்கும். அதை உழுதா இருக்கிற தூரையும் கெடுத்துக்குவீங்க. அங்க செய்ய வேண்டியது படல் போடுறது மட்டும்தான். ஆடி மழையோ ஐப்பசி மழையோ, முதல் மழை விழுந்த அன்னைக்குப் படலைச் சாத்துங்க. புல்லு கதிர் தள்ளி, விதை உதிர்ற வரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி உள்ள போகக்கூடாது. எங்கய்யன் கதிரைக் கையில உருவிப் பார்ப்பார். பஞ்சு மாதிரி கையோட வந்துச்சுன்னா, "இனி படலைத் திறக்கலாம்"பார். நாள் கணக்கெல்லாம் அவர் பார்த்ததில்ல.

தெக்கால காடுதான் வேலை. சீமைக்கருவேலைத் தரைமட்டத்துக்கு வெட்டினா ஒண்ணுக்கு நாலாத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழ ஒரு முழம் தோண்டி, தண்டும் வேரும் சேர்ற அந்த முண்டையே எடுத்தாகணும். ஜேசிபி அதைச் செய்யும், இல்லைங்கல. ஆனா மேல்மண்ணைப் புரட்டி, கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லை மேல கொண்டுவந்து போட்டுட்டுப் போயிரும். எங்க பக்கத்துத் தோட்டத்துல அப்படிப் பண்ணி ஏழெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் புல்லு புடிக்கலை. கடப்பாரையும் மம்பட்டியும் வச்சு ஆள் விடுங்க. செலவு கொஞ்சம் கூட ஆகும். வெட்டின விறகுக்குக் கரி சுடுறவங்க காசு குடுப்பாங்க, அதுல பாதி வந்துரும்.

கொழிஞ்சி | ஜூன் 10

பட்டிக்காரர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சீமைக்கருவேல் நெற்றை ஆடு தின்றால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து நன்றாக முளைக்கும். வெள்வேலங்காயும் இதே வழியில்தான் பரவுகிறது, அதனால் ஆடு உங்களுக்கு நண்பனா எதிரியா என்பது அது நேற்று எங்கே மேய்ந்தது என்பதைப் பொறுத்தது. ரோட்டோரம் கருவேல நெற்று தின்ற ஆட்டை நேராகக் காட்டுக்குள் ஓட்டாதீர்கள். ஒரு வாரம் பட்டியில் வைத்துச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு அப்புறம் உள்ளே விடுங்கள். விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு தடவை தோண்டினால் முடிந்துவிடாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈரம் காயுமுன் நாற்றைக் கையால் பிடுங்குவது குறைந்தது ஐந்து வருட வேலை.

தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் ஒரு வேண்டுகோளும் உண்டு. எதையும் தொடுவதற்கு முன், ஐப்பசி மழைக்குப் பத்து நாள் கழித்து வடக்குக் காட்டில் மண்டி போட்டு உட்காருங்கள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் கயிறு கட்டி அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். நான் போன வருடம் காங்கேயம் அருகே ஒரு நல்ல கொறங்காட்டில் அப்படி உட்கார்ந்தேன். கொழுக்கட்டைத் தூர் மூன்று. அவற்றுக்கு இடையே தரையோடு படர்ந்த செப்புநெருஞ்சி, அதன் செம்பு நிறப் பூவைக் குனியாமல் பார்க்கவே முடியாது. நரிப்பயறு கொடி ஒன்று, நீலப்பூவோடு விஷ்ணுகிரந்தி, ஒரு கொழிஞ்சி, இரண்டு தொய்யக்கீரை, பெயர் தெரியாத புல் இன்னும் இரண்டு. ஒரு முழத்துக்குள் இவ்வளவு. நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் கொழிஞ்சியும் பயறு குடும்பம், வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பவை. யாரும் உரம் போடாத சரளை மண்ணில் புல் பச்சையாக நிற்கும் ரகசியம் இவைதான். சுத்தம் செய்கிறோம் என்று இவற்றை இழந்துவிடாதீர்கள்.

சரளைமண் | ஜூன் 10

எல்லாரும் சந்தோஷமாப் பேசுறீங்க, நான் பட்டதைச் சொல்றேன். எங்களுக்கும் கொறங்காடு இருந்துச்சு. ஆறு வருஷம் முன்னாடி நாலு ஏக்கரை உழுது முருங்கை வச்சேன். காட்டுல வர்ற வருமானத்துல புள்ளைகளைப் படிக்கவைக்க முடியலைங்க, அதான் உண்மை. முதல் ரெண்டு வருஷம் நல்ல காசு. அப்புறம் வரத்து கூடி விலை விழுந்தப்ப பறிக்கிற கூலிக்குக்கூட கட்டலை, காயை மரத்துலயே விட்டேன். போர்த்தண்ணியும் கீழ போயிருச்சு. ஆனாலும் மறுபடி யோசிச்சா, அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியலை. தம்பி மாதிரி வெளிய சம்பளம் வர்றவங்க காட்டைக் காப்பாத்தலாம். காட்டையே நம்பி இருக்கிறவனுக்கு என்ன சொல்வீங்க?

பட்டிக்காரர் | ஜூன் 11

சரளைமண் தம்பி கேட்டது ஞாயமான கேள்வி. என் கணக்கைச் சொல்றேன், கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை.

பதினோரு ஏக்கர்ல முப்பது மேச்சேரி ஆடு, மூணு காங்கேயம் மாடு. மழைக்காலத்துல ஏக்கருக்கு மூணு நாலு ஆடு தாங்கும். பங்குனி சித்திரையில ஒண்ணு தாங்கினாலே பெருசு, அப்ப வெள்வேலங்காயும் சேமிச்ச சோளத்தட்டும்தான் காப்பாத்தும். குட்டி வித்த காசுல உழவு இல்ல, உரம் இல்ல, மருந்து இல்ல, கரண்டு பில் இல்ல. மழை பொய்ச்ச வருஷத்துல முருங்கைக்காரனுக்குக் கடன் நிக்கும், எனக்குக் குட்டி ரெண்டு குறையும், அவ்வளவுதான். பெரிய காசு இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா அறுபத்திரண்டு வருஷத்துல இந்தக் காடு எங்களை ஒரு தடவைகூடக் கடன்ல தள்ளினதில்ல.

இன்னொண்ணு. காங்கேயம் மாடு இந்தப் புல்லுல வளர்ந்த மாடு. கால் எலும்பு, குளம்பு எல்லாம் இந்தச் சரளையில நடந்து வந்த உறுதி. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனா வியாபாரி முதல்ல "காட்டுல மேஞ்சதா, கட்டிப் போட்டதா"ன்னுதான் கேப்பான். காடு போச்சுன்னா மாட்டை மட்டும் தனியாக் காப்பாத்திற முடியாதுங்க.

கால்நடைத்தோழன் | ஜூன் 12

மாட்டை முதலில் விட்டு, அடுத்து ஆட்டை விடுவது நம் ஊர் வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. மாடு நாக்கால் சுற்றி இழுத்துத் தின்னும், அதனால் அடியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். செம்மறி உதட்டையும் பல்லையும் வைத்துத் தரையோடு கொறிக்கும். கொழுக்கட்டைப்புல் தன் சேமிப்பைத் தூரின் அடியிலும் வேரிலும் வைத்திருக்கிறது. நாலு விரல்கடை உயரத்துக்குக் கீழே போகவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்கத் தெம்பு இருக்காது. ஆகவே ஆட்டை மாற்றும் நாளைப் புல் உயரம்தான் சொல்ல வேண்டும். மூன்று காடு இருப்பது உங்களுக்குக் கிடைத்த வரம்; ஒன்றில் மேயும்போது இரண்டு ஓய்வெடுக்கும். குறுக்கு வேலியை எடுத்துவிட்டு ஒரே காடாக்கிவிடாதீர்கள்.

கால்நடை மருத்துவராக ஒரு எச்சரிக்கை. குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின் போட்டால் சாணத்தில் அந்த மருந்து நாள்கணக்கில் தங்கி, சாணி உருட்டி வண்டுகளின் குஞ்சுகளைக் கொன்றுவிடும். சாணத்தையும் புழுக்கையையும் மண்ணுக்குள் கொண்டுபோவது அந்த வண்டுகள்தான். தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் போடுங்கள். போட்ட பிறகு இரண்டு வாரமாவது தொழுவத்தில் கட்டி வையுங்கள். நல்ல காட்டில் மழைக்கு மறுநாள் காலையில் பாருங்கள், முந்தின நாள் சாணம் இருந்த இடத்தில் சலித்த மண் போல ஒரு குவியல்தான் இருக்கும்.

ஸ்வேல்டேல்வாசி | ஜூன் 14

நான் பிறந்தது கரூர், இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் டேல்ஸ் பகுதியில். வார இறுதிகளில் இங்குள்ள பழைய புல்வெளிகளை, அதாவது புல்லை அறுத்து உலர்த்தித் தீவனமாக்கும் வயல்களை, மீட்கும் வேலைக்குத் தன்னார்வலராகப் போகிறேன். இந்த இழையைப் படித்ததும் கை பரபரத்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-களில் இருந்த பூச்செறிந்த புல்வெளிகளில் 97 விழுக்காடு 1980-களுக்குள் போய்விட்டது. காரணம் பெரும்பாலும் உழவும் உரமும். உரம் போட்டால் நாலைந்து முரட்டுப் புல் மட்டும் வேகமாக வளர்ந்து, பொறுமையாக வளரும் பூச்செடிகளை நிழலில் அமுக்கிவிடும். இங்கே ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் மியூக்கர் என்ற ஊரைச் சுற்றித் தப்பித்த சில வயல்கள் இருக்கின்றன. ஜூன் கடைசியில் அங்கே போனால் கல் பாவிய ஒற்றையடிப் பாதையில் வரிசையாகத்தான் நடக்கவிடுவார்கள், புல்லை மிதிக்கக்கூடாது. வசந்தத்தில் ஆடுகளை வெளியேற்றிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஜூலையில் பூ முடிந்து விதை முற்றிய பிறகே அறுப்பார்கள். அறுத்ததை வயலிலேயே உலர்த்திப் புரட்டுவார்கள், அப்போது விதை உதிரும். உலர்ந்த புல்லை எடுத்த பிறகு இலையுதிர்காலத்தில் கால்நடை திரும்ப வந்து விதையை மண்ணில் மிதிக்கும். பட்டிக்காரர் ஐயாவின் அப்பா கதிரை உருவிப் பார்த்தார் அல்லவா, இங்கே மஞ்சள் ராட்டில் என்று ஒரு செடி உண்டு. அதன் காய்ந்த நெற்றுக்குள் விதை கிலுகிலுவென்று ஆடினால் அறுக்கும் காலம் வந்துவிட்டது என்பது இங்குள்ள பழைய விவசாயிகளின் கணக்கு.

அந்த ராட்டில் புல் வேரில் ஒட்டி உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. புல்லின் முரட்டுத்தனத்தை அடக்கி மற்ற பூக்களுக்கு இடம் விடும். அதனால் கெட்டுப்போன வயலில் முதலில் அதைத்தான் விதைக்கிறார்கள். பக்கத்து நல்ல வயலில் அன்று காலை அறுத்த பச்சைப்புல்லை விதையோடு அள்ளிவந்து, கீறிவிட்ட மண்ணில் மாலைக்குள் பரப்புவதும் உண்டு. கடையில் விதை வாங்காமல் பக்கத்துக் காட்டிலிருந்தே எடுப்பது உங்களுக்கும் பொருந்துமா?

கொழிஞ்சி | ஜூன் 14

அருமையான பதிவு, நன்றி. பக்கத்து நிலத்திலிருந்து எடுக்கும் யோசனை அப்படியே பொருந்தும். மற்றதில் ஒரு வேறுபாடு: அங்கே புல்லின் பலத்தைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், இங்கே வறட்சியும் வெயிலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. நமக்குத் தூரைக் காப்பாற்றுவதே பாடு. உரம் வேண்டாம் என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

பேரனுக்கு, விதை பற்றி. கொழுக்கட்டைப்புல் விதையை எடுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் சாக்கில் உலர்வாக வைத்திருந்த விதையே நல்லது. போன தையில் யாராவது உருவி வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். பஞ்சு போல மயிரோடு இருப்பதால் காற்றில் பறக்கும், ஈர மணலோடு பிசைந்து தூவுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். ஆழமாக மூடினால் வராது, முள்கிளையை ஒரு தடவை இழுத்தாலே மண் மூடும் அளவு சரியாக இருக்கும். நடுக்காட்டுப் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். அது இடைவெளியில் வரும் செடி, புல் நெருங்கினால் தானே ஒடுங்கும்.

நிழல்மரம் | ஜூன் 15

ஆறு ஏக்கர் இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் குழு மரக்கன்று இலவசமாகத் தருகிறது. ஆயிரம் கன்று நட்டால் பத்து வருடத்தில் அடர்ந்த வனமாகிவிடும். யோசித்துப் பாருங்கள்.

கொழிஞ்சி | ஜூன் 15

உங்கள் எண்ணம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த இடத்தில் ஆயிரம் கன்று நடுவது, இருக்கும் ஒரு காட்டை அழிப்பது. நீலகிரியில் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்துத்தான் சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் நட்டார்கள். இன்று அந்தச் சீகையை வெட்டி எடுத்துவிட்டு அங்கே சொந்தப் புல்லை ஒவ்வொரு தூராக நட்டுக்கொண்டிருக்கிறார்கள். கௌதாரியும் வானம்பாடியும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் தரையில் முட்டையிடுபவை. ஆள்காட்டி நாலு பக்கமும் கண்ணுக்கு வெளி தெரியும் இடத்தில்தான் உட்காரும். அடர்வனத்தில் அவற்றுக்கு இடமில்லை. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. நம் ஊரிலோ புல்வெளி என்றால் இன்னும் காலி மனைதான்.

பட்டிக்காரர் | ஜூன் 16

மரம் வேண்டாம்னு இல்லைங்க. ஏக்கருக்குப் பதினஞ்சு இருபது வெள்வேல மரம் போதும். இலை பொடிசு, நிழல் சல்லடை மாதிரி விழும், அதுக்குக் கீழ புல்லு நல்லாவே வரும். வருஷா வருஷம் கிளை கழிச்சு, அந்த முள்ளையே வேலி ஓட்டைக்கு வச்சு அடைப்போம். புதுசா மரம் வேணும்னா கன்று நடாதீங்க தம்பி. வெள்வேலங்காய் தின்ன ஆட்டோட புழுக்கையை ரெண்டு மூணு இடத்துல கொட்டி, சுத்தி முள்ளு வைங்க. முளைக்கிறது முளைக்கும்.

வேலிக்குக் கம்பியே கட்டுங்க, உடனடிக்கு வேற வழியில்ல. இப்பத் தெருநாயி ராத்திரியோட ராத்திரியா பட்டியில பூந்து ஆட்டைக் கடிச்சுப் போடுது. போன மாசம் எங்க ஊர்ல ஒரே ராத்திரி பதினாலு போச்சு. ஆனா கம்பியை ஒட்டியே கிளுவைப் போத்து நட்டுருங்க. இலை உதிர்ந்து நிக்கிற காலத்துல, கைக்கட்டை விரல் தண்டிக்கு, நாலடி நீளத்துல வெட்டி நெருக்கமா ஊணுங்க. மூணு மழை கண்டா கம்பி தேவைப்படாது. கம்பி துருப்பிடிக்கும், கிளுவை எங்க பாட்டன் நட்டது இன்னும் நிக்குது.

மூலனூர்ப்பேரன் | நவம்பர் 17

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க. தெக்கால காட்டுல கருவேலைத் தோண்ட ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் கால்வாசி பாக்கி. கரிக்காரர் குடுத்த காசு கூலியில பாதிக்கு வந்துச்சு, ஐயா சொன்ன மாதிரியே. வடக்கால காட்டை உழவே இல்லை. ஐப்பசி முதல் மழை அன்னைக்கு அப்பாவே திருப்பூர்ல இருந்து பஸ் ஏறிப் போய்ப் படலைச் சாத்திட்டு வந்தாங்க.

நேத்து கொழிஞ்சி அக்கா சொன்ன மாதிரி கயிறு கட்டி உட்கார்ந்தேன். தூரு ரெண்டு. செப்புநெருஞ்சி கிடைச்சுது, பூவோட. நரிப்பயறு இல்லை. விஷ்ணுகிரந்தி ஒண்ணே ஒண்ணு. அப்பா பக்கத்துல குத்தவச்சு உட்கார்ந்து, ஒவ்வொண்ணுக்கும் பேர் சொன்னாங்க. அவங்களுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது.

ஒரு சங்கடம். எங்க காட்டுலயே வழக்கமா மேய்க்கிற பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க, எட்டு ஆடு வச்சிருக்காங்க, "எங்கே சாமி மேய்க்கறது"ன்னு கேட்டு நிக்கறாங்க. வேலி போட்டதுல அவங்க வழி அடைஞ்சுபோச்சு. மனசு கேக்கலை.

பட்டிக்காரர் | நவம்பர் 17

அவங்களை விட்றாதீங்க கண்ணு. நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றவரு, அவங்க தினமும் அங்க இருக்கறவங்க. தெக்கால காட்டுல கருவேல நாத்து பிடுங்க ஆள் வேணும்ல? அந்த வேலைக்குக் கூலியும் குடுங்க, திறக்கிற காலத்துல மேய்ச்சலும் குடுங்க. அதுவரைக்கும் எட்டு ஆட்டுக்குத் தட்டுக்கு நீங்க பொறுப்பு.

சரளைமண் | நவம்பர் 18

தட்டு என்கிட்ட இருக்கு, ஒரு போர். வந்து ஏத்திக்குங்க, காசு வேண்டாம். முருங்கையில ஒன்றரை ஏக்கரை இந்த வருஷம் எடுத்துட்டேன். அந்த மண்ணுல புல்லு புடிக்குமான்னு கொழிஞ்சி அம்மணி சொன்னா நல்லது. உரம் நிறையப் போட்ட மண்ணு.

கொழிஞ்சி | நவம்பர் 18

பிடிக்கும் அண்ணா, ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் களை முந்தும். உரம் இல்லாமல் ஒரு போகம் சோளம் போட்டுத் தட்டோடு அறுத்து வெளியே எடுங்கள், மிச்சச் சத்தில் கொஞ்சம் அதோடு போகும். அடுத்த மழைக்கு மானாவாரியாக் கொள்ளோடு சேர்த்துப் புல் விதையைத் தூவலாம்.

மூலனூர்ப்பேரன் | ஜனவரி 20

வடக்கால காடு கதிர் தள்ளியிருக்கு. சாயங்கால வெயில்ல நரிவால் மாதிரி எல்லாக் கதிரும் ஒரே பக்கம் சாயுது. உள்ள நடந்துட்டு வந்தா வேட்டியெல்லாம் விதை. மேல ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து சுத்திட்டே இருந்துச்சு. கதிரை உருவிப் பார்த்தேன். மேல்பாதி கையோட வருது, கீழ்ப்பாதி இன்னும் பச்சையா ஒட்டிட்டு இருக்கு. ஆட்டுக்கார அக்கா, "திறக்கலாமா சாமி"ன்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?

பட்டிக்காரர் | ஜனவரி 20

மேல இருந்துதான் முதல்ல உதிரும், அது சரிதான். கீழ பச்சையா இருக்குன்னா உங்களுது வெயில் படாத பக்கத்துக் கதிரா இருக்கும். மரத்துக்கு மேற்கால, வெளியில நிக்கிற கதிரை உருவிப் பாருங்க. அதுலயும் பச்சை இருந்தா இன்னும் எட்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க. திறக்கறதுக்கு முன்னாடி வேட்டியில ஒட்டினதையும் சேர்த்து ஒரு சாக்கு விதை உருவி, தேதி எழுதி மச்சுல கட்டி வைங்க. அடுத்த ஐப்பசிக்குத் தெக்கால காட்டுக்கு ஆகும்.